ரிப்பீட் ஆர்டரும் பழைய கையெழுத்தும்

திருப்பூரில் 'ரிப்பீட் ஆர்டர்' என்று கேட்டு முகம் மலராத முதலாளி கிடையாது. போன சீசனில் அனுப்பிய சரக்கு விற்றுத் தீர்ந்துவிட்டது, பையர் அதே டி-சர்ட்டை மறுபடி கேட்கிறார் என்று அர்த்தம். பேட்டர்ன் தயார், துணி பழகியது, ரேட்டும் ஏற்கெனவே படிந்தது. ஆர்டரை முதலிலிருந்து கடைசிவரை கவனிக்கும் மெர்ச்சண்டைசருக்கும் பாதி வேலை குறைகிறது. கம்ப்யூட்டரில் பழைய ஆர்டரைத் திறந்து 'காப்பி' பட்டனை அழுத்தி, பி.ஓ. நம்பரையும் ஷிப்மென்ட் தேதியையும் மாற்றினால் புது ஆர்டர் ரெடி.

அந்தப் பட்டனைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. நான் பல வருடம் மெர்ச்சண்டைசராக இருந்தவள். இப்போது பனியன் கம்பெனிகளுக்கு ஆர்டர் மென்பொருள் செய்துகொடுக்கும் சிறிய நிறுவனம் ஒன்றில், கம்பெனிக்காரர்களுக்கும் புரோகிராமர்களுக்கும் நடுவில் நிற்கும் வேலை. இரண்டு பக்கமும் உட்கார்ந்து பார்த்ததில் எனக்கு உறுதியாகப் பட்ட ஒன்று உண்டு. ஒரு மென்பொருளில் மிகக் குறைவாக யோசிக்கப்படும் இடம் காப்பி பட்டன்தான். சத்தமில்லாமல் நஷ்டம் வைக்கும் இடமும் அதுதான். பழையதில் எது புதியதோடு வரவேண்டும், எது வரக்கூடாது என்ற முடிவு அதற்குள் இருக்கிறது. அந்த முடிவை யாரும் உட்கார்ந்து எடுப்பதில்லை. அது தானாக நடந்துவிடுகிறது.

ஒரு கம்பெனியில் இப்படித்தான் நடந்தது. நேவி ப்ளூ டி-சர்ட், ரிப்பீட் ஆர்டர். நிறம் சரியா என்று பார்க்க, சாயப்பட்டறை முதலில் சின்னத் துணித்துண்டுகளில் சாயம் ஏற்றிக் காட்டும். அதற்கு லேப் டிப் என்று பெயர். பையர் அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் சரி சொன்ன பிறகுதான் மொத்தத் துணியும் சாயத்துக்குப் போகும். பழைய ஆர்டரில் அந்த ஒப்புதல் முறைப்படி வாங்கப்பட்டிருந்தது. காப்பி எடுத்தபோது அதுவும் கூடவே வந்துவிட்டது. இடையில் சாயப்பட்டறை மாறியிருந்தது. புதுப் பட்டறைக்கு டி.சி. (டெலிவரி சலான்) போட்டவர் ஸ்கிரீனைப் பார்த்தார்: 'லேப் டிப் – அப்ரூவ்டு'. துணி போனது, சாயமேறி வந்தது, கட்டிங்கும் ஆரம்பித்தது. பையரின் தரப் பரிசோதகர் வந்து லைட் பாக்ஸில் பழைய ஸ்வாட்ச் துணிக்குப் பக்கத்தில் வைத்தபோதுதான் தெரிந்தது: பழைய நேவியில் லேசாகச் சிவப்பு ஓடியது, இதில் பச்சை ஓடுகிறது. அப்ரூவல் கொடுத்தது யார் என்று தேடினால், போன வருடத்துத் தேதியும் வேலையை விட்டுப் போய்விட்ட ஒரு பெண்ணின் பெயரும் நிற்கின்றன.

அங்கே யாரும் பொய் சொல்லவில்லை. புது ஆர்டர் பிறப்பதற்கு முன்பே அதற்கு ஒப்புதல் கிடைத்துவிட்டது என்று கம்ப்யூட்டர் சொன்னது, எல்லோரும் நம்பினார்கள்.

ஒரு வரிக்குள் எத்தனை அடுக்கு

வெளியாட்களுக்கு ஆர்டர் என்றால் ஒரு வரி: இன்ன டி-சர்ட், இத்தனை ஆயிரம் பீஸ். பிரித்துப் பார்த்தால் ஒவ்வொரு ஆர்டருக்குள்ளும் சில கலர்கள். ஒவ்வொரு கலருக்குள்ளும் எஸ், எம், எல், எக்ஸ்.எல். என்று சைஸ்கள். ஒவ்வொரு சைஸுக்கும் பீஸ் எண்ணிக்கை. கலருக்கு ஒரு லேப் டிப், சைஸுக்கு ஓர் அளவுப் பட்டியல். துணிக்கு நூல் கவுண்ட், ஜி.எஸ்.எம்., நிட்டிங் டயா. பிறகு நிட்டிங், டையிங், காம்பாக்டிங், பிரிண்டிங், கட்டிங், ஸ்டிச்சிங், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று படிப்படியாக வேலைகள். ஒவ்வொன்றுக்கும் ஜாப் ஒர்க் பார்ட்டி, ரேட், தேதி. கேர் லேபிள், ஹேங் டேக், பாலிபேக், அட்டைப்பெட்டி தனி. எந்தப் பெட்டியில் எந்தக் கலர், எந்த சைஸ், எத்தனை என்ற பேக்கிங் லிஸ்ட் இன்னொன்று.

இதைக் கம்ப்யூட்டரில் வைக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, எல்லாவற்றையும் பிரித்துத் தனித்தனி அட்டவணைகளில் போடுவது. ஐ.பி.எம். நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வகத்தில் இருந்த எட்கர் காட் 1970-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் வகுத்த வழி இது. ஆர்டருக்கு ஓர் அட்டவணை, கலருக்கு ஒன்று, சைஸுக்கு ஒன்று. எது எதோடு சேரும் என்பதை எண்கள் சொல்லும். உலகத்தில் பல வங்கிகளும் நிறுவனங்களும் பல பத்தாண்டுகளாக இந்த வழியில் கணக்கு வைக்கின்றன.

இன்னொன்று, ஓர் ஆர்டரை அதன் கலர், சைஸ், லேப் டிப் எல்லாவற்றோடும் சேர்த்து, ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி, ஒரே ஆவணமாகப் போட்டு வைப்பது. டாக்குமென்ட் டேட்டாபேஸ் என்பது இதுதான். நியூயார்க்கில் 2007-இல் டென்ஜென் என்ற பெயரில் தொடங்கிய நிறுவனம் 2009-இல் வெளியிட்ட மாங்கோடிபி இந்த வகையில் பேர்போனது. கூகுளின் ஃபயர்ஸ்டோர் இன்னொன்று. மொபைல் ஆப் செய்பவர்கள் பலர் அதைப் பயன்படுத்துகிறார்கள். ஒரு மாங்கோடிபி ஆவணம் 16 எம்.பி. வரை இருக்கலாம், உள்ளுக்குள் 100 அடுக்கு வரை போகலாம். எங்கள் ஆர்டர் எவ்வளவு சிக்கலானாலும் அதற்குள் வசதியாக உட்கார்ந்துகொள்ளும்.

மெர்ச்சண்டைசரின் மேஜையில் ஓர் ஆர்டருக்கு ஒரு ஃபைல் என்றுதான் இருக்கும். அந்த வகையில் இரண்டாவது வழி எங்கள் புத்திக்கு நெருக்கமானது. நான் அதன் எதிரி இல்லை. நாங்கள் பயன்படுத்துவதும் அதைத்தான். ஆனால் காப்பி எடுப்பதில் அது ஒரு மயக்கத்தை உண்டாக்குகிறது. பத்து அட்டவணைகளில் சிதறிக் கிடப்பதைக் காப்பி எடுக்க வேண்டுமென்றால் புரோகிராமர் ஒவ்வொன்றாக யோசித்தே ஆகவேண்டும். எல்லாம் ஒரே ஆவணமாக இருந்தால் யோசிக்க வேண்டாம். எடு, மேலே இருக்கும் அடையாள எண்ணை நீக்கு, திருப்பிப் போடு. டேட்டாபேஸ் தானாகவே புது எண் கொடுத்துவிடும். எங்கள் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவரிடம் இதைக் கேட்டபோது, "அது ஒரே லைன்தானுங்க்கா" என்றார். அவர் சொன்னது உண்மைதான். வில்லங்கம் அந்த ஒரே லைனில்தான் இருக்கிறது.

உள்ளே இருப்பவற்றின் எண்கள்

வெளி ஆவணத்துக்கு அடையாள எண் இருப்பதுபோல உள்ளே இருக்கும் ஒவ்வொரு கலருக்கும் சைஸுக்கும்கூட எண்கள் இருக்கும். மாங்கோடிபியோடு சேர்த்துப் பலரும் பயன்படுத்தும் மங்கூஸ் என்ற மென்பொருள், பட்டியலுக்குள் வரும் ஒவ்வொரு உள் ஆவணத்துக்கும் கேட்காமலே ஓர் எண் போட்டுவிடும். ஒரே லைனில் காப்பி எடுத்தால் வெளி எண் மட்டும் மாறுகிறது. உள்ளே இருக்கும் எண்கள் அத்தனையும் பழையவை. வெளி எண் இரண்டு ஆவணங்களுக்கு ஒன்றாக இருக்க டேட்டாபேஸ் விடாது. உடனே பிழை காட்டும். உள் எண்களைப் பற்றி நாமாகச் சொல்லிவைக்காவிட்டால் அதற்குக் கவலையே கிடையாது.

இதனால் என்ன ஆகும்? வெட்டிய துணிகளைக் கட்டித் தையல் லைனுக்கு அனுப்பும் ஒவ்வொரு பண்டிலிலும் பார்கோடு ஒட்டியிருக்கும். அந்தப் பார்கோடு 'நேவி – எம் சைஸ்' என்ற உள் எண்ணைத்தான் சுமந்துகொண்டிருக்கிறது என்று வையுங்கள். ஸ்கேன் செய்தால் கம்ப்யூட்டர் அந்த எண்ணைத் தேடும். இரண்டு ஆர்டர்களில் கிடைக்கும். முதலில் கிடைத்ததில் கணக்கை ஏற்றிவிட்டு வேலை முடிந்தது என்று சொல்லிவிடும். ஆறு மாதத்துக்கு முன்பு கப்பல் ஏறிய ஆர்டரில் உற்பத்தி கூடிக்கொண்டே போகும். இன்று லைனில் ஓடும் ஆர்டர் அசையாமல் நிற்கும். சூப்பர்வைசர் தையல் லைனைத் திட்டுவார். டெய்லர்கள் ஸ்கேன் பண்ணும் பையனைத் திட்டுவார்கள். பார்கோடு மெஷினைக்கூட மாற்றிப் பார்ப்பார்கள். காப்பி பட்டனை ஒருவரும் சந்தேகப்பட மாட்டார்கள். அதை அழுத்தி மாதக்கணக்காகி இருக்கும்.

சரி, உள்ளே எல்லாவற்றுக்கும் புது எண் கொடுத்துவிட்டால் தீர்ந்ததா என்றால் அதுவும் இல்லை. பேக்கிங் லிஸ்ட் இருக்கிறதே, அது 'ஒன்றாம் பெட்டியில் இன்ன எண்ணுள்ள கலர்-சைஸ், இத்தனை பீஸ்' என்று அந்த உள் எண்களைச் சுட்டித்தான் எழுதப்பட்டிருக்கும். கலருக்கும் சைஸுக்கும் புது எண் கொடுத்துவிட்டுப் பேக்கிங் லிஸ்ட்டை அப்படியே விட்டால், அது பழைய ஆர்டரைச் சுட்டிக்கொண்டு நிற்கும். ஆகவே பழைய எண் இது, அதற்குப் புது எண் இது என்று ஒரு ஜோடிப் பட்டியலை முதலில் தயாரிக்க வேண்டும். பிறகு ஆவணம் முழுவதையும் இரண்டாம் முறை நடந்து பார்த்து, பழைய எண் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் புதியதை வைக்க வேண்டும். அதே சமயம் பையருடைய எண், நூல் மில்லின் எண், சாயப்பட்டறையின் எண் ஆகியவற்றைத் தொடவே கூடாது. அவை ஆர்டருக்கு வெளியே வாழ்கிறவை. உள்ளே பிறந்தவற்றுக்கு எண் மாறவேண்டும், வெளியிலிருந்து வந்தவற்றுக்கு மாறக்கூடாது. எது உள்ளே பிறந்தது, எது வெளியிலிருந்து வந்தது என்று டேட்டாபேஸுக்குத் தெரியாது. மனிதர்தான் சொல்ல வேண்டும்.

இதில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம் உண்டு. மாங்கோடிபி தானாகக் கொடுக்கும் எண் 12 பைட் நீளமுள்ளது. அதன் முதல் 4 பைட்டில் அந்த எண் உருவான நேரம், விநாடி வரைக்கும், பதிவாகியிருக்கும். அதனால் ஒரு ஆர்டர் ஒழுங்காகக் காப்பி எடுக்கப்பட்டதா என்று கண்டுபிடிப்பது எளிது. இந்த வாரம் பிறந்த ஆர்டரைத் திறந்து அதன் கலர் எண்களைப் பிரித்துப் பார்த்தால், அவை போன வருடம் ஒரு மத்தியானம் பிறந்தவை என்று அவையே சொல்லிவிடும். புது கம்பெனிக்குப் போனால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

ஃபயர்ஸ்டோரில் தொல்லை நேர் எதிர்த் திசையில் வரும். அங்கே ஓர் ஆவணத்தின் கீழே துணைத் தொகுப்புகள் வைக்கலாம். மேல் ஆவணத்தைப் படித்தால் துணைத் தொகுப்புகள் கூட வராது. காப்பி எடுத்தால் தலை மட்டும் வந்து உடம்பு பழைய இடத்திலேயே நின்றுவிடும். மேல் ஆவணத்தை அழித்தாலும் கீழே இருப்பவை அழியாமல் அப்படியே கிடக்கும். ஒன்றில் வரக்கூடாதது எல்லாம் வருகிறது. மற்றதில் வரவேண்டியது வராமல் போகிறது. இரண்டிலும் பட்டனின் பெயர் ஒன்றுதான்.

தேதி எப்படிச் சரம் ஆனது

டேட்டாபேஸுக்குப் போவதற்கு முன்பே கெடும் இடமும் ஒன்று உண்டு. ஜாவாஸ்கிரிப்டில் எழுதுகிறவர்கள் மேலோட்டமாகக் காப்பி எடுத்தால் வெளிச்சட்டம் மட்டும்தான் இரண்டாகும். உள்ளே இருக்கும் கலர் பட்டியல் ஒன்றேதான். ஒரே அறைக்கு இரண்டு வாசல் வைத்த மாதிரி. புது ஆர்டரில் எக்ஸ்.எல். எண்ணிக்கையை மாற்றினால் பழையதிலும் மாறிவிடும். பழையதைச் சேமிக்கும்போது அந்த மாற்றமும் சேர்ந்து பதிவாகும்.

இதற்குப் பயந்து புரோகிராமர்கள் வெகுகாலம் செய்துவந்த கைவைத்தியம், முழு ஆவணத்தையும் ஜேசன் என்ற எழுத்து வடிவத்துக்கு மாற்றி, மறுபடி அதிலிருந்து ஆவணமாக்குவது. அடியாழம் வரை தனிக் காப்பி கிடைக்கும். ஆனால் ஜேசனுக்குத் தேதி என்ற இனமே கிடையாது. தேதியாகப் போனது வெறும் எழுத்துச் சரமாகத் திரும்பி வரும். அதுவும் கிரீன்விச் நேரத்தில் வரும். இந்திய நேரப்படி ஜூன் 10 நள்ளிரவு 12 மணி என்று வைத்திருந்த ஷிப்மென்ட் தேதி, ஜூன் 9 மாலை 6.30 என்ற சரமாகிவிடும். அதை வெட்டி ஸ்கிரீனில் காட்டினால் ஒரு நாள் முன்னால் நிற்கும்.

அதைவிட மோசம் அடுத்தது. மங்கூஸ் மாதிரி ஒரு காவல்காரன், 'இது தேதியாகத்தான் இருக்க வேண்டும்' என்று பிடித்து நிறுத்தாவிட்டால், அந்தச் சரம் அப்படியே டேட்டாபேஸுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். 'அடுத்த வாரம் ஷிப்மென்ட் ஆகவேண்டியவற்றைக் காட்டு' என்று கேட்டால் மாங்கோடிபி தேதிகளைத் தேதிகளோடு மட்டும்தான் ஒப்பிடும். சரமாக இருப்பது அந்தப் பட்டியலில் வராது. ஆர்டர் இருக்கும், திறந்தால் தெரியும், ரிப்போர்ட்டில் மட்டும் காணாமல் போயிருக்கும். காலைக் கூட்டத்தில் முதலாளி பார்ப்பது ரிப்போர்ட்டை. இப்போது தேதியைத் தேதியாகவே வைத்துக் காப்பி எடுக்கும் வசதி ஜாவாஸ்கிரிப்டிலேயே வந்துவிட்டது. 2022 வாக்கில் முக்கியமான பிரவுசர்கள் எல்லாவற்றுக்கும் வந்து சேர்ந்தது. ஆனால் பழைய வைத்தியம் பல மென்பொருள்களுக்குள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

கருவி சொல்லித்தராதது

இதுவரை சொன்னவை புரோகிராமர் கவனமாக இருந்தால் தீர்பவை. லேப் டிப் விஷயம் அப்படிப்பட்டது இல்லை. அங்கே உள் எண்களை மாற்றியிருக்கலாம், தேதி தேதியாகவே இருந்திருக்கலாம். காப்பி தொழில்நுட்ப ரீதியாகப் பழுதே இல்லாமல் இருந்திருக்கலாம். அப்போதும் துணி கெட்டுப்போயிருக்கும்.

ஏனென்றால் ஓர் ஆவணத்துக்குள் பல குணம் கொண்ட தகவல்கள் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. 'சிங்கிள் ஜெர்ஸி, 160 ஜி.எஸ்.எம்.' என்பது டி-சர்ட்டின் இயல்பு. அடுத்த ஆர்டருக்கும் அதுவே. 'பையர் சரி சொன்னார்' என்பது ஒரு சம்பவம். நடந்தது நடந்ததுதான், இன்னொரு ஆர்டருக்கு அது நடக்கவில்லை. ஆர்கானிக் காட்டன் ஆர்டர்களில் காட்ஸ் (GOTS) தரச்சான்றுக்காக ஒரு பரிவர்த்தனைச் சான்றிதழ் வாங்குவோம். அது குறிப்பிட்ட சரக்குக்கு மட்டும் கொடுக்கப்படுவது. அந்த எண் காப்பியில் கூட வந்தால், வாங்காத சான்றிதழை வாங்கியதாகப் பதிவேடு சொல்லும். தணிக்கைக்கு வருகிறவர் அதைக் கம்ப்யூட்டர் கோளாறு என்று எடுத்துக்கொள்ளப் போவதில்லை.

உள்நாட்டு விற்பனையில் இன்னொரு வகை இருக்கிறது. ஜி.எஸ்.டி. விதி 46-இன்படி இன்வாய்ஸ் எண் 16 எழுத்துகளைத் தாண்டக்கூடாது. ஒரு நிதியாண்டுக்குள் அதே எண் இரண்டாவது முறை வரக்கூடாது. இ-இன்வாய்ஸ் போடும் கம்பெனிகளுக்கு அரசின் தளம் 64 எழுத்து நீளத்தில் ஒரு பதிவு எண் கொடுக்கும். இவை நம் வசதிக்காக மட்டும் போட்டுக்கொள்ளும் அடையாளங்கள் அல்ல. சட்டத்துக்கும் அரசுக்கும் பதில் சொல்பவை. இவை காப்பியாவது பார்கோடு குழப்பத்தோடு நிற்காது.

வரி விகிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ஆயத்த ஆடைகளுக்கு ஜி.எஸ்.டி. மாறியது. அதற்கு முன் ஒரு பீஸ் 1,000 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 12 சதவீதம். இப்போது 2,500 ரூபாய் வரை 5, அதற்கு மேல் 18. 1,800 ரூபாய் ஜாக்கெட் ஒன்றின் பழைய ஆர்டரை அந்தத் தேதிக்குப் பிறகு காப்பி எடுத்தால், உள்ளே 12 சதவீதம் என்று உறைந்து கிடப்பதும் கூடவே வரும். பழைய ஆர்டரில் அது 12 ஆகவேதான் இருக்க வேண்டும். அன்றைய சட்டம் அது. புது ஆர்டரில் அது தவறு. எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கும் ஒரே தகவல், ஓரிடத்தில் சரி, அடுத்த இடத்தில் தவறு. வரி விகிதம், பையரின் விலாசம், டாலர் ரேட் எல்லாம் இந்த வகைதான். பழையதில் அன்றைய நிலைமையாக உறைந்திருக்க வேண்டும். புதியதில் இன்றைய நிலைமையாக மறுபடி கேட்டு வாங்கப்பட வேண்டும்.

இதையெல்லாம் எந்த டேட்டாபேஸ் கம்பெனியின் கையேடும் சொல்லித்தராது. சொல்லித்தரவும் முடியாது. லேப் டிப் என்றால் என்னவென்று நியூயார்க்கில் உட்கார்ந்து டேட்டாபேஸ் எழுதியவருக்கு எப்படித் தெரியும்? கோவையில் கோடு எழுதும் தம்பிக்கும் தெரியாது. தெரிந்தவர் மெர்ச்சண்டைசர். அவரைத்தான் யாரும் கேட்பதில்லை.

சில பதில்களும் என் பதிலும்

இதைச் சொன்னால் வரும் முதல் பதில், "பழையபடி அட்டவணைக்கே போய்விடலாமே" என்பது. பாதிதான் உதவும். அட்டவணை முறையில் ஒவ்வொரு கலர் வரிக்கும் தனி முதன்மை எண் உண்டு. அதே எண்ணை இன்னொரு முறை போட டேட்டாபேஸ் மறுத்துவிடும். உள் எண் குழப்பம் அங்கேயே பிடிபடும். ஆனால் 'அப்ரூவ்டு' என்ற கட்டத்தை அட்டவணையும் மறுபேச்சில்லாமல் காப்பி எடுக்கும். பிரித்து வைத்தாலும் சேர்த்து வைத்தாலும் பழைய கையெழுத்து பழைய கையெழுத்துதான்.

இரண்டாவது பதில் முதலாளிகளிடமிருந்து வருவது. "ஏனுங்க, காப்பி எடுத்த பிறகும் இத்தனை கட்டம் காலியா இருந்தா, புதுசாவே போட்டுக்கலாமே?" நியாயமான கேள்வி. மெர்ச்சண்டைசர் மேஜையில் போன் ஓயாது. ஒரு கட்டம் குறைந்தாலும் நிம்மதிதான். ஆனால் கணக்குப் பாருங்கள். நூல் கவுண்ட், அளவுப் பட்டியல், பேக்கிங் முறை, ஆக்சஸரீஸ் என்று நேரம் தின்னும் தகவல்கள் எல்லாம் கூட வரலாம், வரவும் வேண்டும். காலியாக விடச்சொல்வது ஒப்புதல், சான்றிதழ், தேதி, இன்வாய்ஸ் எண் போன்ற சிலவற்றைத்தான். அவற்றை நிரப்ப நிமிடங்கள் போதும். ஒப்புதல் தவறாக வந்தால் ஒரு லாட் துணி போகும்.

மூன்றாவது, "ஆட்கள் கவனமாக இருக்க வேண்டும்" என்பது. இதைத்தான் நான் முழுதாக மறுக்கிறேன். நிரம்பியிருக்கும் கட்டத்தை யாரும் சந்தேகப்படுவதில்லை. காலியான கட்டம்தான் கண்ணில் படும். கட்டத்தை நிரப்பி வைத்துவிட்டு, அதை நம்பியவரைக் கவனக்குறைவு என்று சொல்வது அநியாயம். மருத்துவமனைகளில் இந்தப் பாடத்தைக் கற்க நேர்ந்தது. அமெரிக்காவில் நோயாளியின் பழைய குறிப்பைக் காப்பி எடுத்துப் புதிய குறிப்பில் ஒட்டும் பழக்கம் பெருகியபோது, எக்ரி என்ற அமைப்பு ஒருங்கிணைத்த கூட்டுக்குழு 2016-இல் ஒரு பரிந்துரை வெளியிட்டது. ஒட்டப்பட்ட பகுதி எளிதில் அடையாளம் தெரிய வேண்டும், அது எங்கிருந்து வந்தது என்பது உடனே கிடைக்க வேண்டும் என்று அது சொன்னது. டாக்டர்கள் கவனமாக இருக்க வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளவில்லை.

நாங்கள் இப்போது செய்வது இது. ஒரு கம்பெனிக்கு மென்பொருள் போடும் முன், ஓர் ஆர்டரின் எல்லாக் கட்டங்களையும் பேப்பரில் அச்சடித்து மெர்ச்சண்டைசர் முன்னால் வைப்பேன். கூடவே மூன்று ஸ்கெட்ச் பேனா. அப்படியே வரவேண்டியதற்குப் பச்சை. காலியாக நிற்க வேண்டியதற்குச் சிவப்பு. இன்றைய நிலவரத்தை மறுபடி எடுத்துவர வேண்டியதற்கு நீலம். உள் எண்களைப் பற்றி அவரைக் கேட்பதில்லை. அவை எப்போதும் புதிதாகத்தான் பிறக்க வேண்டும், அது எங்கள் பொறுப்பு. அந்தப் பேப்பரைப் பார்த்துத்தான் புரோகிராமர் காப்பியை எழுதுவார். 'இவை தவிர எல்லாம் வரட்டும்' என்று எழுதக்கூடாது, 'இவை மட்டும் வரட்டும்' என்று எழுத வேண்டும் என்பது எங்கள் ஆபீஸ் விதி. நாளை ஆவணத்தில் புதிதாக ஒரு கட்டம் சேர்ந்தால், யாராவது முடிவு செய்யும்வரை அது காப்பியில் வராது. வரவேண்டியது வராமல் போனால் மெர்ச்சண்டைசர் அன்றே போன் பண்ணித் திட்டிவிடுவார். வரக்கூடாதது வந்தால் கட்டிங் டேபிளில்தான் தெரியும்.

சில கட்டங்களில் வண்ணம் போட அவர்களுக்குள்ளேயே வாக்குவாதம் வரும். உடையின் வடிவமைப்பு விவரங்கள் அடங்கிய டெக் பேக் கோப்பு பச்சையா, சிவப்பா? பெரிய கோப்புகளை ஆவணத்துக்குள் வைக்காமல் வேறிடத்தில் வைத்துவிட்டு முகவரியை மட்டும் உள்ளே எழுதுவது வழக்கம். முகவரி மட்டும் காப்பியானால் இரண்டு ஆர்டர்களும் ஒரே கோப்பைப் பார்க்கும். பழைய ஆர்டரை அழிக்கிறவர் கோப்பையும் சேர்த்து அழித்தால் புதியது கண் இழந்துவிடும். ஜாப் ஒர்க் ரேட் எந்த நிறம்? சீனியர் பச்சை என்பார். அக்கவுண்டன்ட் நீலம் என்பார். இந்த வாக்குவாதம் நேர விரயம் என்று சில முதலாளிகள் நினைக்கிறார்கள். இந்த முடிவுகள் எல்லாம் இதுவரை யாருக்கும் தெரியாமல் எடுக்கப்பட்டுக்கொண்டிருந்தன என்பது இந்த வாக்குவாதத்தில்தான் வெளியே வருகிறது.

காப்பியான ஆர்டரின் தலையில் 'இன்ன ஆர்டரிலிருந்து, இன்ன தேதியில், இன்னார் எடுத்தது' என்று ஒரு வரியும் நிற்க வேண்டும். அதை அழிக்க யாருக்கும் அனுமதி இருக்கக்கூடாது. சாயப்பட்டறைக்கு டி.சி. போடுகிறவர் அந்த வரியைப் பார்த்தாலே ஒரு முறை கேட்டுவிட்டுப் போடுவார்.

இதைப் பனியன் கம்பெனிகளுக்கு மட்டும் சொல்லவில்லை. பள்ளிச் சேர்க்கை, ஆஸ்பத்திரிப் பதிவு, உதவித்தொகை விண்ணப்பம் என்று இன்று பலவும் அடுக்கடுக்கான ஆவணங்களாகச் சேமிக்கப்படுகின்றன. தங்கைக்கு அக்காவின் விண்ணப்பத்திலிருந்து காப்பி எடுக்கும்போது விலாசம் வரலாம். ஒவ்வாமைக் குறிப்பும் பெற்றோரின் ஒப்புதலும் வரக்கூடாது. அரசுத் துறைகள் மென்பொருளுக்கு டெண்டர் விடும்போது, எத்தனை பேர் ஒரே நேரத்தில் பயன்படுத்தலாம், பேக்கப் எப்படி என்றெல்லாம் பக்கம் பக்கமாகக் கேட்கிறார்கள். காப்பி எடுத்தால் எது வரும், எது வராது என்ற பட்டியலையும் கேட்டு, அந்தத் துறையில் கவுன்ட்டரில் உட்கார்ந்திருப்பவரின் கையெழுத்தோடு அதை ஒப்பந்தத்தில் சேர்க்க வேண்டும்.

புது மென்பொருள் வாங்கப்போகும் கம்பெனிக்காரர்களுக்கு இதைச் சோதிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். டெமோ காட்ட வருகிறவர் வண்ண வண்ண கிராஃப்களைத் திறக்கும் முன், ஷிப்மென்ட் முடிந்து பணமும் வந்துவிட்ட ஓர் ஆர்டரைக் காப்பி எடுக்கச் சொல்லுங்கள். பிறகு லேப் டிப் நிலை, சான்றிதழ் எண், வரி விகிதம் மூன்றையும் பாருங்கள். காப்பியில் ஒரு சைஸின் எண்ணிக்கையை மாற்றிவிட்டுப் பழையதைத் திறந்து பாருங்கள். இரண்டு ஆர்டர்களின் பண்டில் பார்கோடுகளையும் அச்சடித்து ஸ்கேன் செய்து பாருங்கள். உங்கள் மெர்ச்சண்டைசரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு இதைச் செய்யுங்கள். ரேட் பேசுவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.